விழுந்தவனைப் பார்ப்பது: தரைச் சண்டையும் நம் கண்களும்

1

தரையில் கிடந்து போடும் சண்டையை ரசிக்க ஒரு கூட்டம் எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பது வெறும் விளையாட்டு சம்பந்தப்பட்ட கேள்வியாக எனக்குப் படவில்லை. விழுந்து கிடக்கும் ஓர் உடலைப் பார்த்தால் நாம் என்ன முடிவுக்கு வருகிறோம், அந்த முடிவை நமக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்ற கேள்வியும் இதற்குள் இருக்கிறது. இலக்கியப் பத்திரிகையில் எம்.எம்.ஏ. எதற்கு என்று கேட்கும் தோழர்களுக்கு இப்போதைக்கு இது போதும்.

எம்.எம்.ஏ. எனப்படும் கூண்டுச் சண்டையை அன்னூர்ப் பக்கத்துப் பையன்கள் இப்போது செல்போனில் நிறையப் பார்க்கிறார்கள். தறிக்குடோன் வாசலிலும் பேக்கரி பெஞ்சிலும் கூடிப் பார்க்கும்போது திரும்பத் திரும்ப ஒன்றைக் கவனித்திருக்கிறேன். இருவரும் நின்று குத்திக்கொள்ளும்வரை போனைச் சுற்றித் தலைகள் சேர்கின்றன. ஒருவன் மற்றவனின் இடுப்பைக் கட்டித் தரையில் சாய்த்ததும் தலைகள் கலைய ஆரம்பிக்கின்றன. 'படுத்துக்கிட்டு என்னத்தடா பண்றானுக, எந்திரிச்சு அடிங்கடா' என்று ஒரு குரல். 'கட்டிப் புடிச்சுக்கிட்டுக் கெடக்கறானுக பாரு' என்று இன்னொன்று, அதற்கொரு சிரிப்பு. பிறகு ஒரு விரல் வந்து வீடியோவை முன்னே தள்ளிவிடுகிறது.

இந்த அலுப்பை அறியாமை என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். நுணுக்கம் தெரியவில்லை, தெரிந்தால் ரசிப்பார்கள் என்பது பழைய ரசிகர்கள் புதியவர்களைப் பார்த்து எப்போதும் சொல்வது. அதில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதி நம் மொழிக்குள் இருக்கிறது. தோற்றவன் தமிழில் 'மண்ணைக் கவ்வுகிறான்'. குப்புற விழுந்தும் தோல்வியை ஒப்புக்கொள்ளாதவன் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிறான். குஸ்தியில் தோள் இரண்டும் மண்ணில் பட்டால் ஆட்டம் முடிந்தது. சண்டையின் முடிவைச் சொல்ல நம்மிடமிருக்கும் சொற்களில் பெரும்பாலானவை தரையைத் தொடுவதையே முடிவாகச் சொல்கின்றன. முடிந்துபோன ஒன்றை உட்கார்ந்து பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கும்?

2

ரொலாண்ட் பார்த் 1957இல் வெளியிட்ட 'மித்தாலஜீஸ்' நூலின் முதல் கட்டுரை மல்யுத்தக் காட்சி பற்றியது. பாரிஸ் அரங்குகளில் நடந்த, முடிவு பற்றி யாரும் கவலைப்படாத அந்த மல்யுத்தத்தில் ஒவ்வொரு கணமும் உடனே வாசிக்கத்தக்க குறியாக இருக்கிறது என்றார் அவர். வலிப்பவன் வலியை முகத்தில் கடைசி வரிசைவரை காட்டுகிறான். அகப்பட்டவன் தான் அகப்பட்டதை மிகைப்படுத்துகிறான். பார்ப்பவன் யோசிக்க வேண்டியதில்லை.

கூண்டுத் தரையில் நடப்பது இதற்கு நேர் எதிர். அங்கே கெட்டிக்காரன் குறிகளை ஒளிக்கிறான். கழுத்துக்கு வரும் கையைப் பற்றிப் பயந்தவன் முகத்தை வெறுமையாக வைத்துக்கொள்கிறான். எதிராளியின் மணிக்கட்டைத் திருகப் போகிறவன் வேறெங்கோ வேலையாக இருப்பதுபோல் தோள்பட்டையை நகர்த்துகிறான். பின்னாலிருந்து போடும் கழுத்துப் பூட்டு மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களை இரு பக்கமும் அழுத்துவது. சரியாக விழுந்தால் சில விநாடிகளில் நினைவு தப்பும். ஆனால் அது விழுவதற்கு முன் இரண்டு நிமிடம் நடந்தது என்ன என்று கேட்டால், தெரியாதவன் கண்ணுக்கு ஒன்றும் நடக்கவில்லை. பிரதி இருக்கிறது, வாசிப்பு இல்லை.

நம் கண்ணை முகத்துக்குப் பழக்கியதில் சினிமாவுக்குப் பெரும் பங்குண்டு. கோயம்புத்தூருக்கு இதில் தனிப் பாத்தியதை வேறு இருக்கிறது. இராமநாதபுரத்துச் சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர் (அவர் முன்னெழுத்துக்களும் எம்.எம்.ஏ. என்று அமைந்தது தற்செயல்) தேகப்பயிற்சிக் கூடத்திலிருந்து சினிமாவுக்குப் போனவர். 1947இல் வந்த 'ராஜகுமாரி'யில் எம்.ஜி.ஆருடன் மோதினார். பின்னால் படமுதலாளியாகி மனிதனோடும் மிருகத்தோடும் நாயகர்களை மோதவிட்டார். ஆனால் பயில்வான்கள் கொண்டுவந்த சண்டைக்குள்ளும் ஒரு விதி மாறவில்லை: நாயகன் தரையில் கிடப்பது ஓர் இடைவேளை. உதட்டோரம் ரத்தம், அம்மாவின் குரல், எழுச்சி. அவன் எழுந்தபின்தான் சண்டை தொடரும். பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' (2021) குத்துச்சண்டைக்குள் இருக்கும் அரசியலை எவ்வளவோ ஆழமாகத் திறந்த படம். ஆனாலும் குத்துச்சண்டையின் இலக்கணமே விழுந்தவனைச் சண்டைக்கு வெளியே நிறுத்தி ஒன்று, இரண்டு என்று எண்ணுவது. 'இறுதிச்சுற்று' (2016) நாயகி ரித்திகா சிங் நிஜத்தில் சூப்பர் ஃபைட் லீக்கில் கூண்டுச் சண்டை போட்டவர். திரையில் அவரிடம் வேண்டியிருந்தது குத்து மட்டும். தரை நம் திரையில் சண்டை நடக்கும் இடமாக அநேகமாக வந்ததேயில்லை.

3

கூட்டத்தின் இந்த அலுப்புக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1910 செப்டம்பர் 10 அன்று லண்டனில் காமா பயில்வானும் போலந்துக்காரர் ஸ்டானிஸ்லாஸ் ஸிபிஸ்கோவும் மோதினார்கள். காமாவின் வேகத்தைக் கண்ட ஸிபிஸ்கோ தரையோடு ஒட்டிக் கவிழ்ந்துகொண்டார். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் அவரைப் புரட்டிப்போட காமாவால் முடியவில்லை, பார்த்தவர்கள் வெறுத்துப்போனார்கள், முடிவில்லாமல் நின்றது. ஒரு வாரம் கழித்து வைத்த மறுபோட்டிக்கு ஸிபிஸ்கோ வரவேயில்லை. 1928இல் பாட்டியாலாவில் காமா ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளாமல் அவரை வீழ்த்தினார். காமாவைப் பற்றிப் பேசுகிற எல்லோருக்கும் அந்த ஒரு நிமிடம் தெரியும். இரண்டரை மணி நேரத்தைக் கேலியாக மட்டுமே நினைவு வைத்திருக்கிறோம். அளவில் அவ்வளவு பெரிய ஓர் உடல் அவ்வளவு நேரம் ஒருவனுக்கு இடம் கொடுக்காமல் இருந்தது எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வரில் முதல் யூஎஃப்சி நடந்தது. எந்தச் சண்டைக்கலை பெரிது என்று பார்த்துவிடுவோம் என்பது ஏற்பாடு. 80 கிலோ இருக்கும் ஹாய்ஸ் கிரேசி என்ற பிரேசில்காரர் ஒரே இரவில் மூன்று பேரைத் தரைக்கு இழுத்துப்போய்ப் பணியவைத்தார். இந்தக் கலை ஜப்பானிலிருந்து 1914இல் பிரேசில் போன மிட்சுயோ மயேடா மூலம் கிரேசி குடும்பத்துக்கு வந்தது. உடல் சிறுத்தவன் தரையில் பெருத்தவனைச் சமாளிப்பது எப்படி என்பதே அந்தக் குடும்பம் வளர்த்தெடுத்த கேள்வி.

1994 டிசம்பரில் நடந்ததுதான் எனக்கு முக்கியம். கிரேசிக்கு எதிரே டான் செவர்ன், 110 கிலோவுக்கு மேல் எடையுள்ள மல்யுத்த வீரர். பதினைந்து நிமிடம் கிரேசி அவருக்கு அடியில் கிடந்தார். பார்த்தவர்களுக்கு இது தோல்வி, எப்போது முடியும் என்பதுதான் பாக்கி. அப்போது கிரேசியின் இரு கால்களும் செவர்னின் கழுத்தையும் ஒரு கையையும் முக்கோணமாகப் பூட்டின. செவர்ன் தட்டிவிட்டார். இதற்குள் காசு கட்டி வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த பலருக்கு ஒளிபரப்பு நேரம் முடிந்து திரை இருண்டுபோயிருந்தது. கீழே கிடந்தவன் ஜெயிக்க எடுத்துக்கொண்ட நேரத்தைத் தொலைக்காட்சி தரவில்லை.

அடுத்த போட்டியில், 1995 ஏப்ரலில், நேர வரம்பு வந்தது. அதே இரவில் கிரேசியும் கென் ஷாம்ராக்கும் 36 நிமிடம் கிடந்து முடிவில்லாமல் எழுந்தார்கள், கூட்டம் கூச்சலிட்டது. பின்னர் ஐந்து நிமிடச் சுற்று வந்தது. தரையில் 'ஒன்றும் நடக்கவில்லை' என்று நடுவருக்குத் தோன்றினால் இருவரையும் எழுப்பி நிறுத்தலாம் என்ற வழக்கமும் நிலைத்தது. டீக்கடையில் கேட்கும் 'எந்திரிச்சு அடிங்கடா' என்ற குரல் அங்கே விதியாகவே எழுதப்பட்டுவிட்டது. ரசனை அதிகாரமாகும் இடம் இது. பார்ப்பவனுக்குப் புரியாதது நடக்காத ஒன்றாகிவிடுகிறது.

இதே காலத்தில் ஜப்பானில் வேறொரு கூட்டம் இருந்தது. 1997 முதல் 2007வரை நடந்த பிரைடு போட்டிகளில் ஆயிரக்கணக்கானோர் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். கீழே கிடப்பவனின் காலைத் தாண்டி மேலே இருப்பவன் ஒரு முழங்காலை நகர்த்தினால் கைதட்டு விழும். அங்கே பள்ளிக்கூடங்களில் ஜூடோ சொல்லித்தருவதை இதற்குக் காரணமாகச் சொல்வார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஒருமுறை தன் மேல் இன்னொரு உடலின் பாரத்தைத் தாங்கிப் பார்த்தவனுக்குப் பார்வை வேறாகிவிடுகிறது.

4

அப்படியானால் நமக்கு ஜூடோ இல்லையே, நாம் எங்கே போவது? போக வேண்டியதில்லை. நோம்பி முடிந்து விளக்குக் கட்டி நடக்கும் எந்தக் கபடிப் பந்தயத்துக்கும் போய்ப் பாருங்கள். பாடிப் போனவனின் கணுக்காலை மூலையில் நின்றவன் பிடித்துவிடுகிறான். மேலே நாலு பேர் விழுகிறார்கள். பாடிப் போனவன் முகம் மண்ணில். ஒரு கை மட்டும் நடுக்கோட்டை நோக்கி நீண்டிருக்கிறது, இன்னும் ஒரு சாண். இப்போது கூட்டத்தில் யாராவது 'எந்திரிச்சு ஆடுங்கடா' என்கிறார்களா? ஊரே எழுந்து நிற்கிறது. கிழவிகள்கூட அந்த ஒரு சாணைப் பார்க்கிறார்கள்.

இதே ஊர், இதே கண்கள். ஏன் இந்த வித்தியாசம்? மூன்று காரணங்கள் தெரிகின்றன. ஒன்று, தரையில் கிடப்பவனுக்கு என்ன வேண்டும் என்பது நமக்குத் தெரியும்: கோடு. இரண்டு, காலம் தெரியும்: முன்பு மூச்சு, இப்போது முப்பது விநாடி. மூன்று, பார்ப்பவர்களில் பாதிப்பேர் என்றைக்கோ அந்தக் குவியலுக்கு அடியில் கிடந்தவர்கள்.

விசைத்தறிக்குப் போகும் ஒரு தம்பி, ஊர் அணியில் மூலையில் நின்று கால் பிடிக்கிறவன், கூண்டுச் சண்டை ஒன்றை என்னோடு பார்த்தான். கீழே கிடந்தவன் தோற்றுவிடுவான் என்றேன்.

'ஏனுங்ணா, நீங்க மூஞ்சியவே பாக்கறீங்க. இடுப்பப் பாருங்க.'

'இடுப்புல என்னப்பா இருக்குது?'

'கீழ இருக்கறவன் ரெண்டு காலயும் அவன் இடுப்பச் சுத்திப் பூட்டுப் போட்டு வெச்சிருக்கறான். மேல இருக்கறவன் எங்கீங் போவான்? அவந்தான் மாட்டிக்கிட்டான்.'

அவனுக்கு அந்த நிலையின் பெயர் 'கார்டு' என்று தெரியாது. யாரும் சொல்லித்தரவில்லை. கால் பிடித்துப் பழகிய கை, கண்ணுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. தரைச் சண்டையின் மொத்த இலக்கணமும் அவன் சொன்ன இடுப்பிலிருந்துதான் விரிகிறது. மேலிருப்பவன் கீழிருப்பவனின் இரு கால்களுக்கு இடையில் இருக்கும்வரை கீழிருப்பவனுக்கு ஆயுதம் உண்டு: கையை நீட்டி முறிக்கலாம், கழுத்தைப் பூட்டலாம், கவிழ்த்து மேலே வரலாம். கால்களைத் தாண்டிப் பக்கவாட்டுக்கு வந்துவிட்டால் நிலைமை மோசம். நெஞ்சின் மேல் உட்கார்ந்துவிட்டால் அதைவிட மோசம். முதுகுக்குப் பின்னால் போய்விட்டால் கழுத்துக்கு ஆபத்து. இந்தப் படிகள் தெரிந்துவிட்டால் 'ஒன்றும் நடக்காத' இரண்டு நிமிடத்தில் ஒவ்வொரு முழங்கால் நகர்வும் கபடிக் கோட்டை நோக்கிப் போகும் விரலாகிவிடும். ரசிகன் உண்டாவது இப்படித்தான். முதலில் இலக்குத் தெரிகிறது, பிறகு படி, பிறகு கண் முகத்தை விட்டு இறங்குகிறது.

இந்தக் கண் நமக்குப் புதிதுமில்லை. புறநானூற்றின் 80ஆம் பாட்டு, சாத்தந்தையார் பாடியது. ஆமூர் மல்லனைப் போரவைக் கோப்பெருநற்கிள்ளி வீழ்த்தியதைச் சொல்வது. ஒரு கால் மல்லனின் மார்பில் மடிந்து அழுத்துகிறது, மற்றொரு கால் அவன் தந்திரத்தைத் தடுத்துப் பின்னால் வளைகிறது, மூங்கிலை ஒடிக்கும் பசித்த யானைபோல் தலையும் காலும் ஒடியத் தாக்குகிறான். மல்லனின் முகம் அந்தப் பாட்டில் இல்லை. கால் எங்கே, எடை எங்கே என்றுதான் புலவர் பார்க்கிறார். மகனோடு பகைத்திருந்த தந்தை தித்தன் மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும் இதைக் காண வேண்டும் என்கிறார். காட்சி, காண்பவனைக் கேட்கிறது. அதே கிள்ளியைப் பாடிய நக்கண்ணையாரின் 85ஆம் பாட்டில் கூட்டமே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. வென்றான் என்கிறது ஒரு சாரார், வெல்லவில்லை என்கிறது மறு சாரார். அவன் இந்த ஊர்க்காரன் இல்லை என்பதையும் அவள் சொல்லிவிடுகிறாள். தன் வீட்டுப் பனையடியில் நின்று அவன் வென்றதைத் தானே கண்டதாகச் சொல்கிறாள். சங்க காலத்திலேயே எம்.எம்.ஏ. இருந்தது என்று மேடையில் முழங்க இதைச் சொல்லவில்லை. ஒரே சண்டையை இருவிதமாகக் காணும் கூட்டத்தையும், யார் எந்த ஊர்க்காரன் என்பது அந்தக் காட்சிக்குள் நுழைவதையும் ஒரு பெண் பதிவு செய்திருக்கிறாள் என்பதற்காகச் சொல்கிறேன்.

5

இனி இந்த மண்ணுக்கு வருவோம். கொங்கில் தரை என்பது நடுநிலையான இடமல்ல. யார் கட்டிலில், யார் திண்ணையில், யார் மண்ணில் என்று உடல்களை உயரவாரியாக அடுக்கிவைத்த ஊர்கள் இவை. காலில் விழுவது இங்கே தீர்ப்பின் வடிவம். 2021 ஆகஸ்டில் அன்னூர் வட்டாரத்து அரசு அலுவலகம் ஒன்றுக்குள் ஒரு தலித் ஊழியர் காலில் விழும் வீடியோ நாடெங்கும் ஓடியது. சில நாளில் அதற்கு முன் நடந்த கைகலப்பைக் காட்டும் இன்னொரு வீடியோ வந்தது, விவாதம் திசை மாறியது. யார் முதலில் கை வைத்தது என்று இரு தரப்பும் சண்டை போட்டன. ஓர் ஊழியரின் உடலுக்கு, சண்டை முடிந்ததைக் காட்ட, இந்த ஒரு வழிதான் ஏன் தோன்றியது என்ற கேள்வியை நான் அந்த விவாதங்களில் கேட்கவில்லை. விழுந்தால் முடிந்தது என்ற இலக்கணம் இரு தரப்புக்கும் பொதுவாக இருந்தது.

'கட்டிப் புடிச்சுக்கிட்டுக் கெடக்கறானுக' என்ற சிரிப்பையும் இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். ஆண்கள் இருவர் நெருங்கிக் கிடப்பதன் கூச்சம் அதில் இருக்கிறது. அதற்கு அடியில் இன்னொன்றும் உண்டு. குத்து தூரத்திலிருந்து விழுவது, இடையில் கையுறை வேறு. தரைச் சண்டையில் தூரம் கிடையாது. அடுத்தவன் வியர்வை உன் வாயில் விழும், அவன் மூச்சு உன் காதில் இரையும். தீண்டலைக் கணக்கு வைத்து வாழும் ஒரு சமூகத்துக்கு இது உறுத்தாமல் இருக்குமா? கபடி இந்த உறுத்தலை எப்படித் தாண்டியது, எங்கெங்கே தாண்டாமல் சாதிவாரி அணியாக நின்றுபோனது என்பதைத் தனியாக எழுத வேண்டும்.

இதனால் கூண்டுத் தரை ஒரு விடுதலைக் களம் என்று நான் சொல்ல வரவில்லை. நம் ஆட்களுக்கு எதிலும் ஒரு புரட்சியைக் கண்டுபிடித்துவிடும் அவசரம் உண்டு. நடுவர் மதிப்பெண்ணில் மேலே இருப்பவனுக்குத்தான் பெரும்பாலும் சுற்று போகிறது. குத்துச்சண்டையிடம் கடன் வாங்கிய பத்துப் புள்ளி முறைக்குக் கீழிருந்து போடும் சண்டை சரியாகப் படிக்க வருவதில்லை. ஐந்து நிமிடத்துக்குள் பூட்டு விழாவிட்டால் கீழிருந்தவன் தோற்றவன். யூஎஃப்சி பெரும் மூலதனத்தின் கையிலிருக்கும் கம்பெனி. வீரர்களின் ஊதியத்தை ஏகபோகத்தால் அமுக்கியதாகத் தொடுத்த வழக்கு 37.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்து 2025இல் நீதிமன்ற ஒப்புதல் பெற்றது. கூண்டுக்குள் கீழே கிடப்பவன் வேண்டுமானால் தப்பிக்கலாம், ஒப்பந்தத்துக்கு அடியில் கிடப்பவன் தப்பிப்பது வேறு கணக்கு. 1951இல் மரக்கானா மைதானத்தில் ஜப்பானியர் கிமுராவிடம் அகப்பட்ட எலியோ கிரேசி, தட்ட மறுத்துக் கை ஒடிந்தார். தட்டாததை வீரம் என்று போற்றுகிறார்கள். எனக்குத் தட்டுவதுதான் யோசிக்கத்தக்கதாகப் படுகிறது. தட்டியவன் எழுந்து கைகுலுக்கிவிட்டு நாளைக்கு மறுபடி பயிற்சிக்கு வருகிறான். காலில் விழவைக்கப்பட்டவனுக்கு அந்த நாளை கிடையாது. பணிதலில் இரண்டு வகை உண்டென்றும், ஒன்று ஒப்பந்தம், மற்றது அவமானம் என்றும் பார்க்கத் தெரிந்துகொள்வது சின்ன விஷயமல்ல.

எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. நிலைகளுக்கு நம்மிடம் பெயர் இல்லை. கபடிக்காரர்கள் பிடிகளைச் சொல்லும் சொற்கள் ஊர் ஊராகக் கிடக்கின்றன, குஸ்திக் கூடங்களின் சொற்கள் பெரியவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. யாரும் தொகுக்கவில்லை என்றே எனக்குத் தெரிகிறது. சொல் வந்தால் கண் வரும். தறிக்குடோன் தம்பி இடுப்பைப் பார்க்கச் சொன்னபோது அவனிடம் பார்வை இருந்தது, அதை இன்னொருவனுக்குக் கடத்தும் சொல் இல்லை. விளையாட்டுச் செய்தி எழுதுபவர்களும் நாவல் எழுதுபவர்களும் அந்தச் சொற்களைத் தேடிப் போகலாம். போகும்போது, நம் கதைகளில் விழுந்தவர்களை எத்தனை முறை ஒரே வாக்கியத்தில் முடித்திருக்கிறோம் என்பதையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.